பொதுத்தமிழ் வகுப்பை உயர்த்திய பேராசிரியர் மு.வ.

முன்னுரை

கல்லூரி வகுப்புகள் இருவகைப்படும். மாணவர் தாமே தேர்ந்து சேரும் முதன்மைப் பாட வகுப்பு ஒன்று. எத்துறை மாணவராயினும் அமர்ந்தே ஆக வேண்டிய பொது வகுப்பு மற்றொன்று. முதல் வகை வகுப்பில் மாணவரிடம் ஆர்வம் முன்னரே இருக்கும். ஆசிரியர் அதனை வளர்த்தால் போதும். இரண்டாம் வகையிலோ அவ்வார்வத்தையே ஆசிரியர்தாம் உண்டாக்க வேண்டும். வணிகவியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் எனப் பல துறைகளிலிருந்து வந்து ஒரே கூடத்தில் அமரும் மாணவர்க்குச் சங்கப் பாட்டையும் திருக்குறளையும் சுவைபடக் கற்பிப்பது எளிய செயலன்று. ஆயினும் இவ்வரிய செயலைச் செய்வோர்க்குக் கிடைக்கும் மதிப்போ மிகக் குறைவு. மேற்படிப்பிற்கும் வேலைக்கும் முதன்மைப் பாட மதிப்பெண்ணையே பெரிதும் நோக்குவதால், பொதுப் பாடத்தில் தேறினால் போதும் என்ற எண்ணம் மாணவரிடையே மட்டுமன்றிப் பெற்றோரிடையேயும் வேரூன்றி நிற்கிறது.

தோல் பதனிடும் தொழிலாலும் காலணித் தொழிலாலும் வெளிநாடுகளிலும் பெயர்பெற்ற நம் பாலாற்றங்கரைப் பகுதியில் இவ்வகுப்பின் தேவை இன்னும் மிகுதி. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலிருந்து வரும் மாணவருள் வீட்டில் உருது பேசுவோர் உளர். தமிழ் பேசுவோர் உளர். தெலுங்கு பேசுவோரும் உளர். தோல் மண்டி வைத்திருப்போரின் பிள்ளைகளும், தொழிற்சாலையில் நாட்கூலிக்கு உழைப்போரின் பிள்ளைகளும் அவர்களுள் உளர். துறையால் பிரிந்து கிடக்கும் இம்மாணவருள் பலர் ஒன்றாக அமர்ந்து வாழ்க்கையைப் பற்றிச் சிந்திக்கும் இடம் பொதுத்தமிழ் வகுப்பே ஆகும்.

இத்தகைய பொது வகுப்பில் புதுமை செய்யும் ஆசிரியரை எங்ஙனம் கண்டறிவது? எங்ஙனம் போற்றுவது? இவ்வினாக்களுக்கு விடை தேட முற்படும்போது, நம் மண்ணிலே வேர்கொண்டு வளர்ந்த பேராசிரியர் டாக்டர் மு. வரதராசனாரின் வாழ்வு நம் கண்முன் நிற்கிறது. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நாவலாசிரியர் என்றும் உரையாசிரியர் என்றும் அவரை அறிந்தோர் பலர். பொது வகுப்பின் ஆசிரியராக அவரைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

மு.வ. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்தார். தந்தையார் முனுசாமி முதலியார். தாயார் அம்மாக்கண்ணு அம்மையார். பெற்றோர் இட்ட பெயர் திருவேங்கடம். பாட்டனாரின் பெயராகிய வரதராசன் என்பதே வழங்கும் பெயராக நிலைத்துவிட்டது. வாலாஜாப்பேட்டைக்கு அருகிலுள்ள வேலம் என்னும் சிற்றூரே அவருடைய இளமையை உருவாக்கிய ஊர். தொடக்கக் கல்வி அவ்வூரோடு இயைந்து வளர்ந்தது. உயர்நிலைக் கல்வியைத் திருப்பத்தூரில் பெற்றார். அந்நாளில் வட ஆர்க்காடு மாவட்டம் என ஒன்றாக இருந்த நிலப்பகுதி பின்னர்ப் பலவாகப் பிரிந்து, 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாக அமைந்தது. வேலமும் வாலாஜாவும் இராணிப்பேட்டை மாவட்டத்திலும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும் அடங்கும். ஆகவே மு.வ. இப்பகுதி முழுமைக்கும் உரியவர் எனலாம்.

பதினாறாம் வயதில் பள்ளி இறுதித் தேர்வில் வென்ற அவர், 1928இல் திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அக்காலத்தில் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைப்பது ஒரு குடும்பத்திற்குப் பெரும்பேறு. ஆனால் உடல்நலக் குறைவு காரணமாக அப்பணியை விட்டு வேலத்திற்குத் திரும்ப நேர்ந்தது. நோய் தந்த ஓய்வு தமிழுக்கு ஆக்கமாயிற்று. திருப்பத்தூர் முருகைய முதலியாரிடம் அவர் தமிழ் பயின்றார். 1931இல் வித்துவான் முதல்நிலைத் தேர்வில் தேறினார். பின்னர்த் தாமே பயின்று, 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதல்வராகத் தேர்ச்சி பெற்றார். அதற்காகத் திருப்பனந்தாள் மடத்தின் 1000 ரூபாய்ப் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஓர் எழுத்தர் பல மாதம் உழைத்தும் ஈட்ட இயலாத தொகை அது.

கல்லூரி வாயிலை மாணவராக மிதியாமல், ஆசானிடம் பாதியும் தனிமையில் பாதியுமாகப் பயின்றவர் மு.வ. என்பது கருதத்தக்கது. தாமே பயில்வோர்க்கு எந்த இடத்தில் நூல் விளங்காது, எந்த இடத்தில் மனம் சோரும், எந்த இடத்தில் ஒரு சிறு குறிப்பு கிடைத்தால் வழி திறக்கும் என்பன எல்லாம் பட்டறிவால் தெரிந்திருக்கும். பின்னாளில் அவர் எழுதிய எளிய உரைகளுக்கும் விளக்கங்களுக்கும் வித்து இங்கேதான் விழுந்தது என்று கருதுவது பொருந்தும்.

பள்ளி ஆசிரியரும் கல்லூரி ஆசிரியரும்

1935ஆம் ஆண்டில் மாமன் மகளாகிய இராதா அம்மையாரை மு.வ. மணந்தார். அவ்வாண்டு முதல் 1938 வரை திருப்பத்தூர் நகராண்மைக் கழக உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணிபுரிந்தார். மற்றப் பாட ஆசிரியரைவிடத் தமிழாசிரியர்க்கு ஊதியமும் மதிப்பும் குறைவாக இருந்த காலம் அது. பணியாற்றிக்கொண்டே பயின்று பி.ஓ.எல். பட்டம் பெற்ற அவர், 1939இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். 1944இல் தமிழ் வினைச்சொற்களின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி ஆராய்ந்து எம்.ஓ.எல். பட்டமும், 1948இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆராய்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றார். இதற்கிடையில் 1945இல் பச்சையப்பன் கல்லூரித் தமிழ்த்துறைத் தலைவர் பொறுப்பும் அவரை வந்தடைந்தது.

இடையில் ஓராண்டு பல்கலைக்கழகப் பணிக்குச் சென்றது தவிர, 1961 வரை பச்சையப்பன் கல்லூரியே அவர் உழைப்பின் களமாக விளங்கியது. தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்தோர் அங்கே சிலரே. மொழிப் பாடமாகத் தமிழைப் பயின்ற கலை, அறிவியல் மாணவரே பலர். வருங்கால மருத்துவரும் வழக்கறிஞரும் கணக்கரும் அதிகாரியும் அமர்ந்த வகுப்புகள் அவை. தேர்வுக்குப் பின் தமிழ் நூலைத் தொடாமலே வாழ்ந்துவிடக்கூடியவர்கள் அவர்கள். அவர்களைத் தேர்வுக்குப் பின்னும் படிக்கச் செய்வது எப்படி என்பதே மு.வ.வின் ஆசிரியப் பணியின் மையச் சிக்கல் எனலாம்.

வகுப்பறையின் புதுமை

மு.வ.வின் வகுப்பைப் பற்றி அவருடைய மாணவர் பலர் நன்றியுடன் எழுதியுள்ளனர். அவர்களுள் ஒருவரான பேராசிரியர் சி. பாலசுப்பிரமணியன் பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக உயர்ந்தவர். அந்நினைவுகளைவிட உறுதியான சான்று மு.வ.வின் நூல்களே ஆகும். சற்றேறக்குறைய 85 நூல்களை அவர் எழுதினார். அவற்றுள் பெரும்பாலானவை, தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலாத ஒருவரை எதிரே அமர்த்திக்கொண்டு பேசுவனவாகவே அமைந்துள்ளன. வகுப்பில் மணி அடித்த பின்னும் தொடர்ந்த வகுப்புகள் என்று அவற்றைக் கூறலாம்.

முதலாவது புதுமை தெளிவு. திருக்குறளுக்குப் பழைய உரைகள் பல உள. அவற்றைக் கற்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். மு.வ. 1949இல் வெளியிட்ட திருக்குறள் தெளிவுரையோ ஒவ்வொரு குறளுக்கும் ஓரிரு வரிகளில் நேரான பொருள் தருகிறது. இலக்கண விவாதமோ பாட வேறுபாடோ இடையில் வந்து நிற்பதில்லை. சட்டைப் பையில் அடங்கும் அளவில் கழகம் வெளியிட்ட அந்நூல் நூற்றுக்கணக்கான பதிப்புகளைக் கண்டது. கடைக்காரர் மேசையிலும் மாணவர் கைப்பையிலும் திருமண வீட்டுப் பரிசுப் பொருள்களிலும் அது இடம்பெற்றது. தமிழறிஞர் அல்லாதார் கையில் குறளை முழுமையாகக் கொடுத்தது அத்தெளிவுரை என்றால் மிகையாகாது.

இரண்டாவது புதுமை அளவு அறிந்து கொடுத்தல். சங்க இலக்கியத்தை மொத்தமாக எதிரே வைத்தால் அறிவியல் மாணவன் மலைத்து நிற்பான். மு.வ. ஒவ்வொரு பாட்டாக எடுத்து, அதன் பின்னணியைச் சொல்லி, காட்சியை விரித்து, உணர்ச்சியைத் தொட்டுக்காட்டி, பின்பு பாட்டிற்குள் அழைத்துச் செல்கிறார். நெடுந்தொகை விருந்து, குறுந்தொகை விருந்து, நற்றிணை விருந்து என அவர் இட்ட பெயர்களே அவர் முறையை உணர்த்துகின்றன. விருந்தில் பரிமாறுவோர் உண்போரின் பசியையும் அளவையும் அறிந்தே இடுவர் அல்லரோ?

மூன்றாவது புதுமை கடிதம். அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என அவர் எழுதிய கடித நூல்களில் மொழிப்பற்று, ஒழுக்கம், உடல்நலம், சமுதாய ஒற்றுமை ஆகிய பொருள்கள் வீட்டுப் பேச்சுப்போல் இடம்பெறுகின்றன. வளவன் என்னும் அண்ணன் எழில் என்னும் தம்பிக்கு எழுதுவதாக அமைந்த கடிதங்களைத் தமக்கே வந்தவையாகக் கருதிப் படித்த இளைஞர் பலர். மேடையிலிருந்து அறிவுரை வழங்கும்போது மாணவர் மனம் கதவடைத்துக்கொள்ளும். அதே கருத்து அண்ணன் கையெழுத்தில் வந்தால் கதவு திறக்கும். இவ்வுண்மையை உணர்ந்தவர் மு.வ.

நான்காவது புதுமை, பிற துறை அறிவைத் தமிழில் தருதல். மொழியியல் அந்நாளில் ஆங்கிலம் அறிந்தோர்க்கே உரியதாக இருந்தது. மொழிநூல், மொழி வரலாறு ஆகிய நூல்களால் மு.வ. அதனைத் தமிழ் மாணவர்க்கு உரியதாக்கினார். அதனோடு அமையாமல் எழுத்தின் கதை, சொல்லின் கதை, மொழியின் கதை எனச் சிறுநூல்களையும் இயற்றி, அவ்வறிவைப் பள்ளி மாணவர் அளவிற்கும் கொண்டுசென்றார். இலக்கியத் திறன், இலக்கிய மரபு ஆகிய நூல்கள் மேலைநாட்டுத் திறனாய்வுக் கொள்கைகளை அறிமுகம் செய்தன. காந்தியடிகள், தாகூர், பெர்னார்ட் ஷா, திரு.வி.க. ஆகியோரின் வாழ்க்கையையும் அவர் எழுதினார். சாகித்திய அகாதெமிக்காக அவர் எழுதி 1972இல் வெளிவந்த தமிழ் இலக்கிய வரலாறு, எச்சமயத்துப் புலவர் இயற்றியதாயினும் தமிழ் தமிழே என்ற பரந்த பார்வையில், இசுலாமியப் புலவர்களின் தொண்டினையும் தமிழ் வளர்ச்சியின் ஒரு கூறாகக் கொண்டு செல்கிறது.

அகல் விளக்கும் நடுத்தர மாணவனும்

1961ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு மு.வ.வின் அகல் விளக்கு நாவலுக்குக் கிடைத்தது. நம் வாலாஜாப்பேட்டையில் தொடங்கும் அக்கதையில் சந்திரன், வேலய்யன் என்னும் இரு மாணவர் வருகின்றனர். சந்திரன் அழகும் அறிவும் நிரம்பியவன். மின்னலைப்போல் ஒளிவிட்டுக் கெட்டழிகிறான். வேலய்யன் நடுத்தர மாணவன். அகல் விளக்கைப்போல் சிறிதாயினும் நின்று எரிகிறான். வாழ்வில் வெல்பவன் அவனே.

பொது வகுப்பின் ஆசிரியர் ஒருவர் எழுதக்கூடிய கதை இதுவே என்று தோன்றுகிறது. முதன்மைப் பாட ஆசிரியரின் கண் தம் துறையில் ஒளிவிடும் சில மாணவரையே நாடுவது இயல்பு. பொது வகுப்பின் ஆசிரியர் முன்னோ பல வேலய்யன்கள் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் பரிசு பெறமாட்டார்கள். பல்கலைக்கழகத்தில் முதலிடமும் பெறமாட்டார்கள். ஆனால் குடும்பத்தைத் தாங்குவோரும் ஊரை நடத்துவோரும் தொழிலை நேர்மையாகச் செய்வோரும் அவர்களே. அவர்களுக்குரிய கல்வியைச் சிறப்பாகக் கொடுப்பது தாழ்ந்த பணியாகுமா?

மு.வ.வின் நாவல்களைக் குறைகூறும் திறனாய்வாளர் உளர். அவர்தம் கதைமாந்தர் கதையை நிறுத்திவிட்டு நெடுநேரம் அறம் பேசுகின்றனர் என்பது அவர்கள் கூற்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கலை நோக்கில் அது குறையே. ஆயின், வகுப்பறையை விட்டு வெளியேற இயலாத ஓர் ஆசிரியரின் உள்ளத்தையும் அக்குறை காட்டுகிறது. எளிமையை ஆழமின்மை என்று எண்ணுவோரும் உண்டு. வினைச்சொல் ஆராய்ச்சியிலும் சங்க இலக்கிய ஆராய்ச்சியிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்த பின்னரே அவ்வெளிமை அவருக்குக் கைவந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொதுக்கல்வி என்னும் கொள்கை

மு.வ. பச்சையப்பன் கல்லூரியில் துறைத் தலைவராக இருந்த காலத்திலேயே, பொதுக்கல்வி பற்றிய சிந்தனை உலகெங்கும் எழுந்தது. 1945இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பொதுக்கல்வி குறித்துப் புகழ்பெற்ற அறிக்கை ஒன்றை வெளியிட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் 1948இல் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழுவும் இதனைக் கருதியது. அதன் தலைவர் நம் வேலூர் ஊரிசுக் கல்லூரியில் பயின்ற டாக்டர் இராதாகிருஷ்ணன். பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் உசேனும், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் அதன் உறுப்பினர்கள். அறிவியல் பயில்வோர் இலக்கியத்தையும் வாழ்க்கை நெறிகளையும் அறிய வேண்டும். கலை பயில்வோர் அறிவியலின் போக்கை அறிய வேண்டும். அதற்கெனப் பொதுக்கல்விப் பாடங்கள் வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று.

குழு வகுத்த கொள்கை அறிக்கையில் இருந்தது. அதனை மொழி வகுப்பில் நாள்தோறும் செயலாக்கியோர் மு.வ. போன்ற ஆசிரியர்கள்.

அவர் பெற்ற சிறப்புகள்

1961இல் மு.வ. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவரானார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். கல்லூரிக்கு வர இயலாதோரும் பட்டம் பெற வழிசெய்த அஞ்சல்வழிக் கல்வி அப்பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்றதும் அவ்வாண்டிலேதான். எழுத்தராக வாழ்வைத் தொடங்கித் தாமே பயின்று உயர்ந்த ஒருவர் துணைவேந்தராக இருந்த காலத்தில் அவ்வழி திறந்தது பொருத்தமே. 1974ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், அப்பதவியில் இருக்கும்போதே, தம் 62ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் பெற்ற சிறப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 1935ஆம் ஆண்டுப் பரிசு தேர்வில் முதலிடம் பெற்றதற்காக வந்தது. 1948ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் ஆராய்ச்சிக்காக வந்தது. 1961ஆம் ஆண்டுப் பரிசு நாவலுக்காக வந்தது. பதவிகள் புலமைக்காக வந்தன. இருபதாண்டுக்கு மேலாக மொழி வகுப்பில் ஆற்றிய பணிக்கென்று தனியே வந்தது எது?

1972இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள ஊஸ்டர் கல்லூரி அவருக்கு இலக்கியப் பேரறிஞர் என்னும் டி.லிட். பட்டம் வழங்கியது. அக்கல்லூரி இளநிலை மாணவரின் பொதுக்கல்வியையே உயிராகக் கொண்டது. அங்கே ஒவ்வொரு மாணவரும் எத்துறையினராயினும் இறுதியாண்டில் ஓர் ஆசிரியரின் துணையோடு தனி ஆய்வு ஒன்றை முடிக்க வேண்டும் என்பது நீண்டநாள் முறை. அத்தகைய கல்லூரி மு.வ.வைச் சிறப்பித்தது நமக்குப் பெருமையே. பொதுக்கல்விக்குப் பெயர்பெற்ற அயல்நாட்டுக் கல்லூரி ஒன்றிடமிருந்து அச்சிறப்பு வந்தது என்பது நம் சிந்தனைக்கும் உரியது.

நம் கடமை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பொதுக்கல்விப் பாடங்களைப் புதிய முறையில் கற்பிப்போர்க்கெனத் தனி விருதுகள் உள்ளன. நம் நாட்டில் தேசிய நல்லாசிரியர் விருது 1958 முதல் பள்ளி ஆசிரியர்க்கு வழங்கப்பட்டு வந்தது. 2023இல்தான் உயர்கல்வி ஆசிரியரும் அதில் சேர்க்கப்பட்டனர். கல்லூரிகளிலோ, வெளியிட்ட கட்டுரைகளையும் பெற்ற பட்டங்களையும் எண்ணி ஆசிரியரை மதிப்பிடுவதே பெருவழக்காக உள்ளது. எண்ணக்கூடியவை எண்ணப்படுகின்றன, வகுப்பில் நிகழ்வது எண்ணப்படாமல் போகிறது.

இக்குறையைப் போக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆண்டுவிழாவில் துறை முதல்வர்களாகிய மாணவர்க்குப் பரிசு வழங்கும் மேடையில், பொது வகுப்பு ஆசிரியர் ஒருவரையும் அழைத்துச் சிறப்பிக்கலாம். அவரைத் தெரிவு செய்யத் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் நோக்காமல், கல்லூரியை விட்டுச் சென்று சில ஆண்டுகள் ஆன மாணவரையும் கேட்கலாம். தோல் ஏற்றுமதி அலுவலகத்திலோ காலணித் தொழிற்சாலையிலோ மருந்துக் கடையிலோ பணிபுரியும் அவர்களிடம் கேட்கத்தக்க கேள்வி ஒன்றே: எந்த ஆசிரியரின் வகுப்பிற்குப் பிறகு பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு நூலை நீங்களாகவே எடுத்துப் படித்தீர்கள்? அவ்விடையில் மிகுதியாக வரும் பெயரே விருதிற்குரிய பெயர். பொது வகுப்பில் பயன்பட்ட புதிய முறைகளை எழுதிவைத்துப் புதிய ஆசிரியர்க்குக் கொடுப்பதும் நன்று. நல்ல முறை அம்முறையைக் கண்டவரோடு மறைந்துவிடக் கூடாது.

ஊர்ப் பெரியோர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இப்பகுதியில் கல்லூரிகளை எழுப்பியவர்கள் வணிகப் பெருமக்கள். வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரி 1919இலும், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும், ஆம்பூர் மழ்கருல் உலூம் கல்லூரி 1969இலும் தோன்றியமைக்கு அவர்களின் கொடையே அடிப்படை. கட்டடத்திற்கும் ஆய்வுக்கூடத்திற்கும் கொடுத்த கைகள், பொது வகுப்பின் நல்லாசிரியர்க்கு ஒரு சிறு பரிசை நிறுவத் தயங்கமாட்டா என்பது நம் நம்பிக்கை.

மாணவச் செல்வங்கள் மு.வ.வின் ஒரு நூலையேனும் இவ்வாண்டு படித்து முடிக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். திருவள்ளுவர் பெயரால் 2002இல் அமைந்த பல்கலைக்கழகம் நம் வேலூருக்கு உரியது. அத்திருவள்ளுவரை எளிய மக்களின் கைக்குக் கொண்டுவந்த உரையாசிரியரும் இம்மண்ணுக்கு உரியவர். வேதியியல் பயில்வோரும் வணிகவியல் பயில்வோரும் அவருடைய தெளிவுரையை நாளொரு குறளாகப் படித்து வருவார்களாயின், அதுவே பொது வகுப்பின் ஆசிரியர் எவர்க்கும் நாம் வழங்கக்கூடிய முதற்பரிசாகும்.